திறப்பு விழா காணாத குதிரை

எங்கள் பக்கத்தில் ஒன்றைக் கட்டி முடித்துவிட்டார்கள் என்பதற்காக அதை யாரும் பயன்படுத்திவிட முடியாது. பஸ் நிறுத்தத்தில் நிழற்குடை கட்டியிருப்பார்கள். ஜனங்கள் அதற்கு வெளியே, வெயிலில் நின்று பஸ் ஏறுவார்கள். கேட்டால் இன்னும் திறக்கவில்லை என்பார்கள். நாலு தூணும் ஒரு கூரையும் இருக்கிற இடத்தில் திறப்பதற்கு என்ன இருக்கிறது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. குறுக்கே ஒரு சணல் கயிறு கட்டியிருக்கும். அதற்கு அடியில் புகுந்து ஆடுகள் மட்டும் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். ஆடுகளுக்கு யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன ஆகும் என்று யாராவது முன்கூட்டியே யோசித்திருக்கலாம். யோசிக்கிற வேலை எந்தப் பிரிவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது என்று தெரியவில்லை.

பாளையம்பட்டியைத் தாண்டி, சீமைக்கருவேல் மண்டிக் கிடந்த கரிசல் பொட்டலில் ஒரு நாள் ஒரு கட்டடம் எழும்பியது. ‘வறட்சிப் பகுதிச் சிறார் தொடக்கநிலைக் குதிரையேற்ற மேம்பாட்டு வாரியம்’ என்று பலகை மாட்டினார்கள். பலகை கட்டடத்தைவிட நீளமாகப் போய்விட்டது. அதனால் ‘வாரியம்’ என்ற சொல் மட்டும் பக்கத்துப் பஞ்சர் கடையின் நெற்றியில் தொங்கியது. சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்கள்.

இந்தச் சீமையில் எதற்குக் குதிரை என்று சிலர் கேட்டார்கள். மேலிடத்தில் ஒருவர் வெளிநாடு போன இடத்தில், ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் குதிரைமேல் உட்கார்ந்து போவதைப் பார்த்துவிட்டாராம். நம் பிள்ளைகளும் அப்படிப் போக வேண்டும் என்று அங்கேயே கண் கலங்கினாராம். அந்தப் பிள்ளைகள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

அருஞ்சுனைக்குத் திருச்சுழி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். மானாவாரி நிலம். சோளம் போடுவார், மல்லி போடுவார், மழை ஏமாற்றினால் அடுத்த வருஷத்தைப் பற்றிப் பேசுவார். மனைவி நூல் மில்லுக்குப் போகிறாள். ஒரே பிள்ளை துர்காதேவி. அவளுக்கு அப்போதுதான் ஒன்பது வயது முடிந்திருந்தது. ஏறி உட்கார முடிந்த எதையும் அவள் விட்டுவைத்ததில்லை. எருமை, கிடாய், டிராக்டர் மட்கார்டு, கிணற்றுச் சுவர் எல்லாவற்றிலும் உட்கார்ந்து பார்த்தாயிற்று. குதிரை சொல்லித்தருகிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் அறிவித்த அன்று அவள் சோறு தின்னவில்லை. மறுநாளும் தின்னாததால் அருஞ்சுனை மொபெட்டை எடுத்தார்.

வாரியத்தின் செயலாளர் ராஜகுரு. மேசையைவிட நாற்காலி உயரமாகப் போட்டு உட்கார்ந்திருப்பவர். அதனால் பேசும்போது குதிரைமேல் இருந்து பேசுவதுபோலவே இருக்கும்.

“பிள்ளைக்கு முன் அனுபவம் உண்டா?”

“குதிரையில ஏறுனதில்லைங்கய்யா.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு தடவை ஏறியிருந்தாலும் தொடக்கநிலையில சேக்க முடியாது. இடைநிலைக்குப் போகணும்.”

“இடைநிலை எங்கய்யா இருக்கு?”

“அது இன்னும் ஆரம்பிக்கலை.”

அருஞ்சுனை பயந்துபோய் உண்மையை முழுதாகச் சொல்லிவிட்டார். “எருமையில ஏறியிருக்கா.”

ராஜகுரு கொஞ்ச நேரம் கண்ணை மூடினார். “எருமை வேற துறை. அது நம்ம கட்டுப்பாட்டுல வராது. சேத்துக்கிறேன். ஆனா ஒண்ணு. பதினோராவது பிறந்தநாள் வந்துட்டா பேரு தானா நீங்கிரும். அன்னைக்கு விடிஞ்சதுல இருந்து அவ சிறார் இல்லை. அதுக்கப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது.”

“அதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் கிடக்கே, அய்யா. அதுக்குள்ள எம்புட்டோ தடவை ஏறிற மாட்டாளா” என்று அருஞ்சுனை சிரித்தார். ராஜகுருவும் சிரித்தார். இருவரும் வேறு வேறு விஷயத்துக்குச் சிரித்தார்கள்.

குதிரை வந்தது. அருப்புக்கோட்டை டவுனில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் சுன்னத் கல்யாண ஊர்வலத்துக்கும் குதிரை விடுகிற ஹாஜா நஜ்முதீனிடம் வாங்கியது. செம்பழுப்பு நிறப் பெண் குதிரை. நெற்றியில் வெள்ளை. கூட்டம், பட்டாசு, பேண்டு, கும்மாளம் எல்லாம் பார்த்துப் பார்த்து அதற்கு ஆச்சரியம் என்பதே போய்விட்டது. ஹாஜா லாரியில் இருந்து அதை இறக்கியதும் துர்காதேவி ஓடிப்போய் அதன் கழுத்தைத் தடவினாள். அது தலையைத் தாழ்த்தி அவள் தலைமுடியை மோந்து பார்த்தது.

“ஏறிக்கம்மா” என்றார் ஹாஜா. “எத்தனை மாப்பிள்ளைகளைச் சொமந்துருக்கு. நீ ஒரு கோழி எடைதான் இருப்ப.”

அவர் அவளைத் தூக்கவும் செய்தார். அவள் கால் தரையைவிட்டு எழும்பிவிட்டது. அந்த நொடியில் கட்டடத்துக்குள் இருந்து ஒரு அலறல் வந்தது. செருப்புக்கூடப் போடாமல் ராஜகுரு ஓடி வந்தார்.

“எறக்குய்யா! எறக்கு! இன்னும் திறப்பு விழா ஆகலை!”

ஹாஜாவுக்குப் புரியவில்லை. “குதிரைக்கா?”

“பின்ன? பொதுப் பயன்பாட்டுக்கு வாங்குன பொருளு. தலைவர் வந்து திறந்து வைக்காம இதுல ஒரு ஈ உக்காந்தாலும் நான் பதில் சொல்லணும்.”

குதிரையின்மேல் ஏற்கெனவே ஈக்கள் உட்கார்ந்திருந்தன.

அன்று மாலையே ஏற்பாடுகள் நடந்தன. சேணத்தைக் கட்டி, அதன்மேல் தலைவரின் படம் அச்சடித்த பட்டுத்துணியைப் போர்த்தி, நாலு மூலையிலும் அரக்கு முத்திரை வைத்தார்கள். குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பன். வாசலில் ஒரு கல்வெட்டு. ‘இக்குதிரை அன்னாரது பொற்கரங்களால் திறந்து வைக்கப்பட்டது’ என்று செதுக்கி, தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். குதிரைக்குப் பெயர் சூட்டுவதும் தலைவர்தான் என்பதால் அதுவரை அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று உத்தரவு. துர்காதேவி ரகசியமாக ‘மல்லி’ என்று கூப்பிட்டாள். அதன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

போகிறபோது ஹாஜா ஒரு வார்த்தை சொன்னார். “செயலாளரய்யா, ஏறாட்டிப் போகுது. தினம் ஒரு நடை நடத்திக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. கட்டியே போட்டா இதுக்குக் கால் போயிரும். குளம்பையும் மாசாமாசம் சீவி விடணும்.”

“நடந்தா அது பயன்பாடு” என்றார் ராஜகுரு. “பயன்பாட்டுக்கு வந்துட்டா அப்புறம் தலைவர் வந்து எதைத் திறப்பாரு?”

ஹாஜா குதிரையின் கழுத்தை ஒரு தடவை தட்டிக்கொடுத்தார். அவருக்கு மறுநாள் ரெண்டு கல்யாணம் இருந்தது. வந்த லாரியிலேயே ஏறிப் போய்விட்டார்.

குதிரை திறக்கப்படவில்லை என்பதற்காகப் பயிற்சி நின்றுவிடவில்லை. அதுதான் வாரியத்தின் பெருமை. பயிற்றுநராகக் காளீஸ்வரன் வந்தார். எங்கோ விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். குதிரைப் பயிற்றுநருக்கு ஓட்டுநர் உரிமம் அவசியம் என்று விதியில் போட்டிருந்தது. அவரிடம் இருசக்கர வாகன உரிமம் இருந்தது. குதிரையைக் கண்டால் அவருக்குப் பயம். அது இருக்கிற பக்கம் போக மாட்டார். தூரத்தில் நின்று விசில் ஊதுவார்.

வளாகத்தைச் சுற்றி இடுப்பளவு கட்டைச்சுவர் இருந்தது. பிள்ளைகளை வரிசையாக அதன்மேல் கால் விரித்து உட்கார வைத்தார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுக் கயிறு. கயிற்றின் மறுமுனை எதிலும் கட்டப்படவில்லை.

“நடை!” என்று விசில் ஊதுவார். பிள்ளைகள் லேசாக ஆட வேண்டும். “ஓட்டம்!” வேகமாக ஆட வேண்டும். “பாய்ச்சல்!” குனிந்துகொண்டு ஆட வேண்டும். சித்திரை மாதத்தில் சுவர் தோசைக்கல் மாதிரி காய்ந்துவிடும். யாரும் சொல்லாமலேயே எல்லாப் பிள்ளைகளும் பாய்ச்சலுக்குப் போய்விடுவார்கள். அந்த மாதத்தில் வாரியத்தின் தேர்ச்சி விகிதம் உச்சத்தில் இருந்தது.

பெற்றோர் கூட்டத்தில் காளீஸ்வரன் நெஞ்சை நிமிர்த்திப் பேசினார். “குதிரையில ஏறி ஓட்டத் தெரிஞ்சவன் உலகம் பூரா இருக்கான். குதிரையே இல்லாம ஓட்டத் தெரிஞ்சவங்க நம்ம பிள்ளைக மட்டும்தான். வெளிநாட்டுல இந்த வசதி கிடையாது. அங்க குதிரை குறுக்க வந்துரும்.”

பெற்றோர் கைதட்டினார்கள். அருஞ்சுனையும் தட்டினார். தட்டிவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம், “என்ன சொல்றாக?” என்று கேட்டார்.

“அது தெரியலை, நல்லாச் சொல்றாக” என்றார் அவர்.

சுவர்ப் பயிற்சி முடிந்ததும் விழும் பயிற்சி. குதிரையிலிருந்து விழுவது எப்படி என்று தெரிந்தபிறகுதான் ஏற வேண்டுமாம். விழுவதற்கு மணல் கொட்ட வேண்டும் என்று திட்டத்தில் இருந்தது. மணலுக்கு அனுமதி வரவில்லை. விழுவதற்கு மட்டும் வந்தது. காய்ந்து வெடித்த கரிசலில் பிள்ளைகள் சுவரிலிருந்து பொத்துப் பொத்தென்று விழுந்தார்கள். துர்காதேவிக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்தது. அவளுக்கு விழுவதில் முதலிடம் என்று மேடையில் மாலை போட்டார்கள்.

வருஷம் ஒன்று ஓடியது. ஆய்வுக் குழு வந்தது. குழுவின் தலைவர் சுவரை இரண்டு தடவை சுற்றி வந்து, மேலே உட்கார்ந்திருந்த ஒரு பையனிடம் கேட்டார். “தம்பி, நீ இப்ப எந்த வேகத்துல போற?”

“நிக்கிறேன், சார்.”

மதிப்பெண் குறைக்கப்பட்டது. காளீஸ்வரனின் முகம் செத்துவிட்டது. அடுத்து துர்காதேவி.

“நீ?”

“பாய்ச்சல்ல போறேன், சார். எதுக்க கருவேலங்கிளை வருது. குனிங்க!”

குழுவின் தலைவர் குனிந்தார். அவர் குனிந்ததைப் பார்த்துக் குழு முழுவதும் குனிந்தது. கொஞ்ச தூரம் போனபிறகு, “கிளை போயிருச்சு, சார்” என்று துர்காதேவி சொன்ன பின்புதான் நிமிர்ந்தார்கள். ‘நேரடிக் கள அனுபவம் கிடைக்கப்பெற்றது’ என்று எழுதிவிட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

இதற்கிடையில் மல்லி கொட்டகையில் நின்றது. நிற்பதைத் தவிர அது வேறு எதுவும் செய்யவில்லை. கொட்டகையைக் கூட்டித் தீவனம் வைக்க ஒச்சம்மாள் என்று ஒரு அம்மா இருந்தாள். தீவனம் வந்தால் வைப்பாள். வராத நாளில் குதிரையிடம் மன்னிப்புக் கேட்பாள். அருஞ்சுனை வாரம் தவறாமல் மொபெட்டின் பின்னால் சோளத்தட்டைக் கட்டு ஒன்றைக் கட்டி, அதன் உச்சியில் மகளை உட்கார வைத்துக் கொண்டுவருவார். தன் மாட்டுக்கு இருந்ததில் பாதி அது. துர்காதேவி நல்லெண்ணெய்ச் சீசா கொண்டுவந்து குதிரையின் காலில் தேய்ப்பாள். கால் வீங்கிக்கொண்டே வந்தது. குளம்பு வளர்ந்து முன்பக்கம் மடங்கியது. சீவலாமா என்று ஒச்சம்மாள் போய்க் கேட்டாள். பராமரிப்பு என்ற பிரிவே திறப்பு விழாவுக்குப் பிறகுதான் தொடங்கும் என்று பதில் வந்தது.

திறப்பு விழாவுக்குத் தேதி வைப்பதும் தள்ளுவதுமாக இருந்தார்கள். முதலில் ஆடி மாதம் என்று தள்ளினார்கள். பிறகு தலைவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பேசாமல் திறக்கலாமே என்று யாரோ சொன்னதற்கு, பேசாமல் திறந்தால் அது திருட்டு என்று ராஜகுரு சொல்லிவிட்டார். பிறகு தேர்தல் வந்தது.

தேர்தல் வந்தால் சிலைகளை மூடுவார்கள், கல்வெட்டுகளைத் தாள் ஒட்டி மறைப்பார்கள். குதிரைமேல் இருந்த துணியில் தலைவரின் படம் இருந்தது. துணியை எடுத்துவிடலாம் என்றால், அரக்கை உடைக்க வேண்டும். அரக்கை உடைத்தால் திறந்ததாக ஆகிவிடும். ஆகவே குதிரையையே மூடிவிடுவது என்று முடிவானது. காதிலிருந்து வால்வரை வெள்ளை வேட்டியைச் சுற்றிக் கயிற்றால் கட்டினார்கள். மூக்குக்கு இரண்டு ஓட்டை விடலாமா கூடாதா என்று ஒரு பகல் முழுக்கப் பேசினார்கள். மூக்கில் கட்சிச் சின்னம் எதுவும் இல்லை என்று காளீஸ்வரன் தூரத்தில் நின்று சான்று கொடுத்தபிறகு ஓட்டை விட்டார்கள்.

பஸ்ஸில் போன ஜனங்கள் எட்டிப் பார்த்து, “யாரு சிலைய்யா இது? மூச்சு விடுது?” என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

துர்காதேவி மட்டும் துணிக்கு மேலாகவே அதைத் தடவிக் கொடுத்தாள். வீட்டுக்குத் திரும்புகிற வழியில் மொபெட்டின் பின்னால் இருந்து, “அப்பா, மல்லி நம்மளப் பாக்கலை. அது அழுதா நமக்கும் தெரியாதுல்ல” என்றாள். அருஞ்சுனை வண்டிச் சத்தத்தில் கேட்காததுபோல் இருந்துகொண்டார்.

தேர்தல் முடிந்து துணியை அவிழ்த்தபோது குதிரை வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது.

துர்காதேவிக்குப் பதினோராவது பிறந்தநாள் நெருங்கியது. அருஞ்சுனை ராஜகுருவின் முன்னால் போய் நின்றார். துண்டைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

“அய்யா, பிள்ளை ஓட்டணும்னு கேக்கலை. நடக்கக்கூட வேணாம். ஒரே ஒரு தடவை ஏறி எறங்கிட்டா போதும். ராத்திரி தூக்கத்துலயும் அதான் பேசுறா.”

ராஜகுரு அன்று நல்ல மனநிலையில் இருந்தார். உட்காரச் சொன்னார். “அருஞ்சுனை, நீங்க ஒரு பிள்ளையைப் பாக்குறீக. நான் வருங்காலத்தைப் பாக்குறேன். இன்னைக்கு உங்க பிள்ளை ஏறுனா, நாளைக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஏறும். எல்லாரும் குதிரையில ஏறிட்டா இந்த வாரியம் எதுக்கு? நாங்கெல்லாம் எங்க போறது? நீங்களே சொல்லுங்க.”

அருஞ்சுனைக்கு, இவரும் பிள்ளை குட்டிக்காரர்தானே என்று பரிதாபமாகக்கூட இருந்தது.

“கவலைப்படாதீக” என்றார் ராஜகுரு. “தேதி வந்துருச்சு. உங்க பிள்ளை பிறந்தநாளுக்கு முந்தின நாள். தலைவர் உறுதியா வாராக.”

விழாவுக்கு இரண்டு நாள் இருந்தபோது சோளத்தட்டை இறக்க அருஞ்சுனை மகளோடு போனார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். அலுவலகத்தில் ஒருவரும் இல்லை. ஒச்சம்மாள் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணே, எல்லாரும் டவுனுக்குச் சாப்பிடப் போயிருக்காக” என்றாள் அவள். “நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். பிள்ளையை ஏத்தி எறக்கிட்டுப் போயிருங்க. பாவம், இதுவும் ஒரு ஆளைச் சொமந்து எம்புட்டு நாளாச்சு.”

அவள் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். துர்காதேவி அப்பாவின் கையைப் பிடித்தாள்.

“ஏத்தி விடுப்பா.”

அருஞ்சுனை ரிப்பனைப் பார்த்தார். அரக்கைப் பார்த்தார். ரிப்பன் அறுந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். பேரை அடித்துவிடுவார்கள். இரண்டே நாள். இத்தனை நாள் பொறுத்ததைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா?

“நாளை மறுநாள் முறையா ஏறிக்கலாம், ஆத்தா. மேளம் கொட்டி ஏறலாம். இப்பத் திருட்டுத்தனமா எதுக்கு?”

“ஏத்தி விடுப்பா” என்று அவள் மறுபடியும் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. அப்புறம் கேட்கவும் இல்லை.

அருஞ்சுனையை நினைத்தால் எனக்கு வாரியத்தின்மேல் வருகிற கோபத்தைவிட அதிகமாகக் கோபம் வருகிறது. பிறகு, திறக்காத நிழற்குடைக்கு வெளியே வெயிலில் நின்று நானும் பஸ் ஏறியவன்தானே என்று ஞாபகம் வந்து கோபம் போய்விடுகிறது.

விழா நாள் வந்தது. ரோட்டிலிருந்து கொட்டகைவரை பந்தல். தலைவரின் படம் ஐம்பது இடத்தில் சிரித்தது. குதிரையின் படம் ஒன்றுகூட இல்லை. ஒரு தட்டியில் மட்டும், தலைவரின் படத்துக்குப் பின்னால் ஒரு வால் தெரிந்தது. பிள்ளைகள் தலைக்கவசம் போட்டு வரிசையாக வெயிலில் நின்றார்கள். காலையில் வருவதாகச் சொன்ன தலைவர் மத்தியானம் வந்தார். மல்லிக்கு ஒரு பொன்னாடை, அதன்மேல் ஆளுயர மாலை. எடை கூடக் கூட அதன் முன்கால்கள் நடுங்குவதை ஒச்சம்மாள் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ஒவ்வொருவர் பின்னாலும் போய் நின்று பார்த்தாள்.

தலைவர் பேசினார். “சின்ன வயசுல நான் குதிரையைப் பாத்ததில்லை. இன்னைக்கும் முழுசாப் பாக்க முடியலை, அவ்வளவு மாலை! இந்த மையம் தொடங்கி ரெண்டு வருஷம் ஆகப் போகுது. இதுவரைக்கும் குதிரையில இருந்து ஒரு குழந்தைகூடக் கீழ விழுந்ததில்லைன்னு செயலாளர் சொன்னாரு. நான் மெய்சிலிர்த்துட்டேன். இந்தியாவுலயே இப்படி ஒரு பாதுகாப்பான பயிற்சி எங்கயாவது உண்டா? குதிரை இருக்கு, பயிற்சி இருக்கு, விபத்து இல்லை. இதுக்குப் பேருதான் நிர்வாகம்!”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கத்தரிக்கோலால் ரிப்பனை வெட்டினார். அரக்கை உடைத்தார்கள். குதிரைக்குத் தன் தாயாரின் பெயரைச் சூட்டினார். அப்புறம், முதலில் தலைவர் ஏறிச் சுற்றி வந்தபிறகுதான் பிள்ளைகள் ஏற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். முக்காலி போட்டு, இந்தப் பக்கம் நாலு பேர் தூக்க, அந்தப் பக்கம் நாலு பேர் இழுக்க, தலைவர் வேட்டியோடு மேலே போய்ச் சேர்ந்தார். நல்ல கனமான மனிதர்.

பேண்டு முழங்கியது. அதைக் கேட்டதும் மல்லி காதை நிமிர்த்தியது. கல்யாண ஊர்வலங்களில் நடந்த குதிரை அல்லவா? ஏதோ ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று அதற்குத் தோன்றியிருக்கும். மடங்கிய குளம்பை எடுத்து வைத்து நடந்தது. இரண்டு வருஷமாக நடக்காத கால். பந்தலின் முதல் தூணைத் தாண்டியது. அடுத்த தூண் வருவதற்குள் முன்கால் இரண்டும் மடிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டது.

“பாருங்கள்!” என்று ஒலிபெருக்கி அலறியது. “வாயில்லா ஜீவன் நம் தலைவரை மண்டியிட்டு வணங்குகிறது!”

கூட்டம் ஆர்ப்பரித்தது. தலைவர் இரண்டு கையையும் கூப்பி அந்த வணக்கத்தை ஏற்றுக்கொண்டார். குதிரை பக்கவாட்டில் சாய்வதற்குள் எட்டுப் பேரும் அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் வைத்தார்கள். கார்கள் கிளம்பின. பேண்டுக்காரர்களும் சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விட்டார்கள்.

மல்லி ஒருக்களித்துக் கிடந்தது. வாயோரம் நுரை. ஒச்சம்மாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அது குடிக்கவில்லை. மாட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள் என்றார் அருஞ்சுனை. அழைப்பிதழில் டாக்டர் பெயர் விட்டுப்போனதால் அவர் வருத்தத்தில் இருக்கிறார், இப்போது கூப்பிட்டால் மரியாதையாக இருக்காது என்றார் காளீஸ்வரன். அன்று முதல்தடவையாக அவர் குதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

ராஜகுருவுக்கு வேறு கவலை. ஒவ்வொரு பிள்ளையும் குதிரைமேல் இருப்பதுபோல் படம் எடுத்து அன்று மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். இல்லையென்றால் திட்டம் நிறைவேறியதாகாது. அவர் குதிரையைச் சுற்றி வந்து பார்த்தார். முகம் தெளிந்தது.

“இதுவும் ஒருவிதத்துல நல்லதுதான். பிள்ளைகளுக்கு உயரம் குறைச்சல். தொடக்கநிலைதானே. ஒவ்வொருத்தரா உக்கார வையுங்க. தலை நல்லாத் தெரியுற மாதிரி எடுங்க. குதிரைக்குக் கீழ தரை தெரிய வேணாம்.”

வரிசை நகர்ந்தது. ஒரு பிள்ளையைத் தூக்கி அதன் விலாமேல் உட்கார வைப்பார்கள். கையில் கயிற்றைக் கொடுப்பார்கள். படக்காரர் தரையில் படுத்து எடுப்பார். அப்புறம் அடுத்த பிள்ளை. துர்காதேவியின் முறை வந்தது. அவள் பின்வாங்கி அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு வேணாம்ப்பா.”

“நேரமாச்சு, அருஞ்சுனை” என்றார் ராஜகுரு. “நாளைக்கு இவ சிறார் இல்லை. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.”

அருஞ்சுனை மகளைப் பார்த்தார். சோறு தின்னாமல் கிடந்தது, சூடேறிய சுவர், உடைந்த பல், தூக்கத்தில் பேசியது எல்லாம் அவர் கண்முன் வந்தன. இதுவும் போய்விட்டால் இவளுக்கு எதுவுமே இல்லை என்று நினைத்தார். அய்யாவின் பேச்சை மறுத்தும் பழக்கமில்லை. அவரே அவளைத் தூக்கினார். இரண்டு கையாலும் மெதுவாக மல்லியின்மேல் உட்கார வைத்தார்.

துர்காதேவி காலை ஒடுக்கிக்கொண்டு, பாரத்தை அதன்மேல் வைக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவளுக்கு அடியில் விலா ஏறி இறங்கியது. அவளும் கூடவே ஏறி இறங்கினாள்.

“சிரிம்மா” என்றார் படக்காரர்.

“அப்பா, இது மூச்சு விடுறது என் கால்ல முட்டுது.”

“சிரி, ஆத்தா. ஒரு நிமிசம்” என்றார் அருஞ்சுனை. அவருக்குக் கண்ணீர் வந்துகொண்டிருந்தது.

அவள் குனிந்து குதிரையின் கழுத்தில் கையை வைத்தாள். படக்காரர் தலையை நிமிர்த்தச் சொன்னார். அவள் நிமிரவில்லை. விலா ஒரு தடவை உயர்ந்தது, இறங்கியது. அவள் காத்திருந்தாள். எல்லோரும் அவள் சிரிப்பதற்குக் காத்திருந்தார்கள். பிறகு அவள் தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள்.

“எறக்கி விடுப்பா. நின்னுருச்சு.”

அந்த நேரத்தில் படம் எடுத்துவிட்டார்கள். முகம் நேராகத் தெரிந்ததால் அதுவே போதும் என்றார்கள்.

அருஞ்சுனை மகளை இறக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். அவள் அழவில்லை. கட்டைபோல் இருந்தாள். அவர் ராஜகுருவிடம் போய், “அய்யா, குதிரை செத்துப்போச்சுங்க” என்றார்.

ராஜகுரு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவர் தோளில் கை வைத்தார். இரண்டு வருஷத்தில் அவர் அருஞ்சுனையைத் தொட்டுப் பேசியது அதுதான் முதல்தடவை.

“எனக்கும் தெரியுது. சத்தம் போட்டுச் சொல்லாதீக. இன்னும் பிள்ளைக பாக்கியிருக்கு.”

அடுத்து நின்றவள் சனோபர். ஆறு வயது, போன மாதம்தான் சேர்ந்திருந்தாள். தலைக்கவசம் கண்ணை மறைக்க, இரண்டு கையையும் மேலே நீட்டிக்கொண்டு, சீக்கிரம் தன்னைத் தூக்கி ஏற்றிவிடச் சொல்லிக் குதித்துக்கொண்டிருந்தாள்.